நொய்யலுக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

கோயமுத்தூர்க்காரர் யாரையாவது நிறுத்தி, 'உங்க ஊர்ல என்னங்க விசேஷம்?' என்று கேட்டுப் பாருங்கள். சிறுவாணித் தண்ணி என்பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்பார். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிற மரியாதை என்பார். பட்டியல் மைசூர்பா வரைக்கும் போகும். 'ஆறு இருக்குதுங்களா?' என்று கேட்டால் மட்டும் சித்த நேரம் யோசிப்பார். பிறகு, "இருக்குதுங்க... அதாவது, இருந்துதுங்க..." என்று நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் நடுவே தடுமாறுவார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நொய்யல் அப்படிப்பட்ட ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நாலு மாவட்டங்களைத் தொட்டு, ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் சேருகிறது. பழைய பெயர் காஞ்சிமாநதி. தொடங்குகிற இடத்தில் தண்ணீரைக் கையில் அள்ளி முகம் கழுவலாம். நடுவழியில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாலத்தைத் தாண்ட வேண்டும்.

இந்த ஆற்றை மீட்கவேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேலாக ஆட்கள் பாடுபடுகிறார்கள். மண் தோண்டுகிறார்கள், கோர்ட்டுக்குப் போகிறார்கள், மரம் வைக்கிறார்கள். இதுவரை என்னதான் தேறியிருக்கிறது? பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது! ஒரு இரண்டாவது சனிக்கிழமையையும் ஞாயிறையும் சேர்த்து, ஆற்றோடு கூடவே கிளம்பினேன். துணைக்கு, வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் நண்பன். "ஆத்தைப் பாக்க எதுக்குடா மாப்ளே ரெண்டு நாளு? பாலத்து மேல நின்னா ரெண்டு நிமிஷம்" என்று முனகிக்கொண்டேதான் பைக்கை எடுத்தான்.

வரவு

சிறுவாணி ரோட்டில் பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் எல்லாம் தாண்டினால் சாடிவயல். அதற்கு மேல் காடு; வனத்துறையின் ராஜ்ஜியம். ஆடி கழிந்த நேரம். மலை முழுக்க மேகத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றது. சின்னாறு, பெரியாறு என்று மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றாகக் கூடித்தான் நொய்யல் ஆகிறது. கூழாங்கல்லுக்கு மேல் கண்ணாடி மாதிரி தண்ணீர். நண்பன் காலை நனைத்துவிட்டு, "யோவ், ஏசி போட்டு வெச்சிருக்காங்கய்யா!" என்று அலறினான்.

இங்கேதான் நொய்யலின் முக்கிய வரவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைமேல் ஊற்றும். கீழே கோவை நகரமோ மலை மறைவில் இருக்கிற ஊர். வருஷம் பூரா பெய்வதைக் கூட்டினாலே சுமார் 60, 70 சென்டிமீட்டர்தான். ஆகவே மலைமேல் பெய்கிற மழைதான் சமவெளிக்குச் சம்பளம்.

இந்தச் சம்பளம் வருகிற விதம்தான் இப்போது மாறுகிறது. 2019 ஆகஸ்டில் பக்கத்து நீலகிரியில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோவைக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மழையைவிட அதிகம், இருபத்து நாலு மணி நேரத்தில்! அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2016-ல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். காரணம் சிக்கலானதல்ல. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தராதபோது கஞ்சனாக இருக்கும். தரும்போது மூட்டையாகக் கொட்டும்.

மாசாமாசம் கொடுக்கவேண்டிய சம்பளத்தை, 'வருஷத்துக்கு நாலு நாள் தருவோம், எந்த நாள் என்று சொல்லமாட்டோம்' என்று ஆபீஸில் அறிவித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதல் வேலையாக பேங்கில் ஒரு கணக்குத் தொடங்குவீர்கள். நொய்யலுக்கு அந்தக் கணக்கைப் பல நூறு வருஷத்துக்கு முன்பே தொடங்கி வைத்துவிட்டார்கள்.

கையிருப்பு

சாடிவயலிலிருந்து திரும்பும் வழியில் இருக்கிறது சித்திரைச்சாவடி அணைக்கட்டு. பெரிய மேட்டூர் அணை மாதிரி எதையோ எதிர்பார்த்து வந்த நண்பன், "இவ்வளவுதானா? என் உயரம்கூட இல்லியே" என்றான். உயரம் இல்லாததுதான் அதன் புத்திசாலித்தனம். ஆற்றை மறித்து நிறுத்துவது இதன் நோக்கமல்ல. வெள்ளம் வரும்போது ஒரு பங்கை ராஜவாய்க்காலில் திருப்பிவிடும். மிச்சத்தை மேலேறிப் போகவிடும். வாய்க்கால் போய் ஒரு குளத்தை நிரப்பும். அது நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த குளம். அதுவும் நிறைந்தால் மறுபடி ஆறு. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று இந்த ஒரு வாய்க்காலை நம்பியே ஒரு வரிசை.

இப்படி நொய்யலில் 23 அணைக்கட்டுகள், 32 குளங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சோழர் காலத்து வேலை என்பது ஊரில் வழங்கும் பேச்சு. குளத்தில் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பூமிக்குள் இறங்கி, சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் தை, மாசி வரைக்கும் எட்டிப் பார்க்கும். பச்சையாகச் சொன்னால், ஃபிக்ஸட் டெபாசிட். நாலு நாள் வெள்ளத்தை எட்டு மாசச் செலவுக்கு மாற்றித் தருகிற ஏற்பாடு.

அணைக்கட்டு ஓரத்தில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி நல்லா வருதுங்களே?"

"வருதுங் தம்பி. வந்து என்ன பண்றது? இங்க வர்ற தண்ணி அங்க போய்ச் சேரோணுமல்லோ. வாய்க்கா மேல ஊடு கட்டீட்டாங்க, வாய்க்காக்குள்ளார குப்பையக் கொட்டீட்டாங்க. வெள்ளம் வந்தாப் பொறவு, 'ஐயோ, ஊட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு'ன்றாங்க. தண்ணி அது ஊட்டுக்குப் போகுதுங், அவ்வளவுதான்!"

கடன் பிரிவு நண்பன் என் காதைக் கடித்தான். "அக்கவுன்ட் இருக்கு, பணமும் வருது. டெபாசிட் போடப் போற ரோட்டைத்தான் மறிச்சுட்டாங்க."

நம்ம வீட்டுக் கணக்கு

பேரூர் பட்டீசுவரர் கோயில் வரைக்கும் நொய்யல் ஓரளவு நொய்யலாகவே இருக்கிறது. படித்துறையில் திதி கொடுக்க வந்தவர்கள் கூட்டம். அதைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்தால் ஆற்றின் நிறம் மாறுகிறது. இதற்கு எந்த வில்லனையும் தேடவேண்டாம். உங்கள் வீட்டு பாத்ரூம், என் வீட்டு சமையலறை, நாம் டீ குடிக்கிற கடையின் கழுவு தண்ணீர். ஒரு மாநகரமே தினமும் குளித்துக் கழுவி விடுகிற தண்ணீரில் சுத்தம் செய்யாமல் தப்பிப்பதெல்லாம் பள்ளம் தேடி வந்து சேருகிற இடம் ஆறுதானே? வேடிக்கை என்னவென்றால், மழையே இல்லாத மாசத்திலும் பல குளங்கள் 'நிறைந்து' இருப்பது இதனால்தான். பார்க்க லாபம் மாதிரித் தெரியும். எடுத்துச் செலவு பண்ண முடியாத லாபம்.

இருந்தாலும், ஊர் சும்மா இருந்துவிடவில்லை. 2003-ல் 'சிறுதுளி' அமைப்பு தொடங்கி, குளங்களைத் தூர்வாரும் வேலையைப் பொது இயக்கமாகவே ஆக்கியது. 2013 கோடையில் உக்கடம் பெரியகுளம் வற்றிக் கிடந்தபோது கல்லூரி மாணவர்கள், ஆபீஸ் போகிறவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் எல்லாம் கூடைபிடித்து மண் சுமந்தார்கள். பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. இன்றைக்கு உக்கடம் கரையில் நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு மேடை. சாயங்காலம் போனால் கோயமுத்தூர் மொத்தமும் அங்கேதான் காற்று வாங்குகிறது. நல்ல விஷயம். குளத்தை ஊர் பார்க்க ஆரம்பித்தால், அதில் குப்பை கொட்டுகிற கை கொஞ்சம் கூச்சப்படும்.

ஆனால் கரையில் நின்று ஐந்து நிமிஷம் பறவைகளைப் பாருங்கள். நீர்க்காகமும் கூழைக்கடாவும் நடுத்தண்ணீரில் ஜாலியாக இருக்கும். உள்ளான் என்று ஒரு குட்டிப் பறவை உண்டு. அதன் கால் நம் சுண்டுவிரல் நீளம்தான். அது நீந்தாது, சேற்று ஓரத்தில் ஓடி ஓடிப் புழு பொறுக்கும். அதற்கு வேண்டியது சரிவாக இறங்கும் சேறு, விரல் ஆழத் தண்ணீர், பக்கத்தில் கொஞ்சம் கோரை. கரையைச் செங்குத்தாகக் கல் வைத்துக் கட்டிவிட்டால், நமக்கு அழகான வாக்கிங். அதற்கு ஹோட்டலே மூடியாச்சு. மீன் முட்டையிடுவதும், தவளை ஒளிவதும், தண்ணீரிலுள்ள அழுக்கைச் செடிகள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதும் அந்த ஓரத்தில்தான். பார்க்கச் சகிக்காத அந்தச் சேற்று விளிம்புதான் குளத்தின் சமையலறை. வரவேற்பறையை மட்டும் கட்டிவிட்டு வீடு முடிந்தது என்று சொல்லலாமா?

சொல்லவேண்டாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் மாநகராட்சி பல்லுயிர்ப் பாதுகாப்புக்கான இடமாக அறிவித்தது. அதே வருஷம் வெள்ளலூரில், 'கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு' என்ற இளைஞர் கூட்டம் களத்தில் இறங்கியது. குளத்தை அலங்காரம் செய்வதற்கு முன்னால், தண்ணீர் வரும் வாய்க்காலில் குவிந்திருந்த குப்பையையும் புதரையும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அகற்றினார்கள். பல வருஷம் வறண்டு கிடந்த குளத்துக்குத் தண்ணீர் வந்தது. பிறகு கரையில் அடர்த்தியாக நாட்டு மரங்கள் வைத்தார்கள். மரத்துக்குப் பின்னால் பட்டாம்பூச்சி தானாக வந்தது. அதற்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை!

மதியம் சூலூரில் நண்பனின் அத்தை வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம். நெய்யை ஊற்றிக்கொண்டே அத்தை சொன்னார்: "நாங்க புள்ளைகளா இருக்கச்சே ஆத்து மணல்ல ஊத்துப் பறிச்சுத்தான் கண்ணு குடிக்கத் தண்ணி எடுத்தோம். கையில பறிச்சாலே ஊறும். இப்ப ஆத்துப் பக்கத்துச் சன்னலே தெறக்கறதில்ல." மணல் ஒரு சல்லடை, ஒரு பஞ்சு. வெள்ளத்தை உறிஞ்சி வைத்து, வடிகட்டி, வெயில் காலத்தில் கசியவிடும். மணலை அள்ளிய இடத்தில் ஊற்றும் கூடவே லாரி ஏறிவிட்டது.

வட்டி

ராத்திரி திருப்பூரில் தங்கினோம். ஊரெல்லாம் பனியன் துணி வாசம். விடியற்காலை நண்பனை எழுப்பி (அதுதான் இந்தப் பயணத்தில் மிகக் கடினமான வேலை) நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். ஊத்துக்குளி ரோட்டில், சர்க்கார் பெரியபாளையம் பக்கம். நொய்யலில் சேரும் நல்லாறுதான் இதற்குத் தண்ணீர் கொடுக்கிறது. சாயமும் சாக்கடையும் பேசுகிற ஊரின் விளிம்பில், சுமார் 125 ஹெக்டேரில் ஒரு நீர்ப்பரப்பு. நாமக்கோழி கூட்டம் கூட்டமாக. முக்குளிப்பான் ஒன்று முங்கியது. எங்கே எழும் என்று நானும் நண்பனும் ஐந்து ரூபாய் பந்தயம் கட்டினோம். இரண்டு பேரும் தோற்றோம்.

இந்தக் குளத்துக்கு பட்டைத்தலை வாத்து வந்திருக்கிறது. இமயமலையின் தலைக்கு மேலே பறக்கிற வாத்து! மத்திய ஆசியாவிலிருந்து கிளம்பி, எவரெஸ்ட் வட்டாரத்தைத் தாண்டி, கடைசியில் பெரியபாளையம் ஸ்டாப்பில் இறங்குகிறது. உள்ளூர் பறவை ஆர்வலர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து எண்ணி எழுதி வைத்த பட்டியல்தான் இந்தக் குளத்தின் பலம். 2022-ல் இது பறவைகள் சரணாலயம் ஆனது, தமிழ்நாட்டில் 17-வது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்து, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக ஆகிவிட்டது.

"இது வட்டி மாப்ளே. அசலைக் கலைக்காம விட்டா வர்ற வட்டி" என்றான் நண்பன். காலை ஆறரை மணிக்கு அவ்வளவு தெளிவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

வாராக்கடன்

அடுத்து, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை. நொய்யல் கணக்கிலேயே சிவப்பு மையில் எழுதவேண்டிய பக்கம் இது.

பாசனத்துக்காக 1992-ல் திறந்த அணை. மழைத் தண்ணீரைச் சேர்க்கக் கட்டியது, மேலேயிருந்து வந்த சாயக் கழிவைச் சேர்த்தது. இந்த வருஷம் வெளிநாட்டில் என்ன கலர் ஃபேஷன் என்று தெரிந்துகொள்ள நொய்யலைப் பார்த்தால் போதும் என்று திருப்பூரில் ஜோக் அடித்த காலம் அது. கீழே இருந்த விவசாயிக்கு அது ஜோக் அல்ல. சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடு வந்து நிலத்தில் இறங்கியது. கிணறு கெட்டது. வெள்ளாமை கருகியது. இளநீரே கரிக்கிறது என்று சொன்னார்கள். அணை வேண்டும் என்று கேட்ட பூமியில், 'தயவுசெய்து அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்' என்று கேட்கும் நிலைமை!

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் ஐகோர்ட்டுக்குப் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு: ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2009-ல் அங்கேயும் உறுதியானது. அப்படியும் நிற்காததால், 2011 ஜனவரி 28-ம் தேதி திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடச் சொன்னது ஐகோர்ட். ஊரே ஸ்தம்பித்தது. வேலை போன தொழிலாளி மூட்டையைக் கட்டினார். சாயத் தொழிலாளியின் சோறா, விவசாயியின் சோறா என்று தராசில் வைத்த மாதிரி ஆனது.

ஆனால் அந்தத் தராசே தப்பு என்று பின்னால் தெரிந்தது. கழிவைச் சவ்வு வழியாக அழுத்தி வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிற முறை வந்தது. செலவு அதிகம்தான், திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் ஓயவில்லை. ஆனாலும் ஆலைகள் ஓடுகின்றன, பனியன் கப்பல் ஏறுகிறது. இத்தனை வருஷம் 'முடியாது' என்று சொன்னதற்குப் பொருள், 'அந்தச் செலவைக் கீழே இருக்கிறவன் கட்டட்டும்' என்பதுதான். லண்டனில் தேம்ஸ் ஆற்றை 1957-ல் 'உயிரற்ற ஆறு' என்றே எழுதிவிட்டார்கள். கழிவைச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் 1974-ல் சால்மன் மீன் திரும்பி வந்தது. ஆறு மன்னிக்கும். நிலத்தில் இறங்கிய உப்புதான் அத்தனை சீக்கிரம் மன்னிப்பதில்லை. அது மழையாலும் காலத்தாலும் மட்டுமே கழியவேண்டிய வாராக்கடன்.

பக்கத்திலேயே கொடுமணல். சங்க காலத்தில் இரும்பு உருக்கி, கல்மணி செய்து விற்ற ஊர். அகழாய்வில் மணி மணியாகக் கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் நொய்யல் கரையில் தொழில் நடந்தது, ஏற்றுமதி நடந்தது. ஆறும் ஓடியது.

இறுதி இருப்பு

கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயருள்ள ஊர். அங்கே ஆறு அடக்கமாகக் காவிரியில் கலக்கிறது. 13-ம் நூற்றாண்டில் காளிங்கராயன், பவானி ஆற்றுத் தண்ணீரை நொய்யல்வரை கொண்டுவந்து சேர்த்த வாய்க்காலும் இந்தப் பக்கம்தான் முடிகிறது. 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைத்த அத்திக்கடவு - அவினாசி திட்டமும் அதே யோசனையின் பேரன்தான்: பவானியின் உபரி ஒன்றரை டி.எம்.சி. தண்ணீரைக் குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுப்பது. உபரி வருகிற நாலு நாளில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிற அதே பழைய கொங்குக் கணக்கு. மோட்டார்தான் புதுசு.

பாலத்தில் நின்று மொத்தமாகக் கூட்டிப் பார்த்தோம். வரவு இருக்கிறது, தாறுமாறாக வருகிறது. சேர்த்து வைக்க 32 பெட்டிகள் இருக்கின்றன. பாதிக்குப் பாதை அடைபட்டிருக்கிறது. பாதை திறந்த இடத்தில் ஓரிரு வருஷத்திலேயே பறவை வந்திருக்கிறது. இனி வேண்டியது புது அணையோ, கரையில் இன்னொரு விளக்கோ அல்ல. வாய்க்காலுக்கு அதன் அகலம், கரைக்கு அதன் சேறு, ஆற்றுக்கு அதன் மணல், சாக்கடைக்கு அதன் சுத்திகரிப்பு. எதுவும் புதுசாகக் கொடுப்பதல்ல. எடுத்ததைத் திருப்பிக் கட்டுவது.

பாலத்தடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம், "மழைக்கு மேல தண்ணி நல்லா வருங்களா?" என்றான் நண்பன்.

"வருமுங்க. மொதல்ல நொரை வரும். பொறவு கறுப்பா வரும். அதுக்கும் பின்னாலதான் தண்ணியே வரும். மொதல்லயே தண்ணி வர்ற வருசத்தைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கறனுங்க."

(போக விரும்புகிறவர்களுக்கு: காந்திபுரத்திலிருந்து சிறுவாணி ரோட்டில் பேருந்து உண்டு. நஞ்சராயன் குளத்துக்கு மார்கழி, தை மாசத்தில் விடியற்காலை போகவேண்டும், பைனாகுலர் அவசியம். வெள்ளலூருக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் கையில் மண்வெட்டி கிடைக்க வாய்ப்பு உண்டு. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆபீஸ் தொப்பைக்கும் நல்லது.)